துவைத்த தண்ணீர் போகும் வழி

(யட்டியாந்தோட்டையில் மீள்குடியேறும் குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



காலையில் இருந்து காணி உறுதி, வீட்டுத்திட்டம், நட்டஈடு என்று கேட்டுக் களைத்திருப்பீர்கள். அவற்றோடு பார்த்தால் எனக்குத் தந்த விடயம் சின்னது. துணி துவைத்த தண்ணீரை எங்கே விடுவது என்பதுதான். படிவம் நிரப்பத் தேவையில்லை, கையெழுத்தும் தேவையில்லை. அதனாலேயே இதை யாரும் கேட்பதில்லை. வீடு கட்டும்போது கூரையைப் பற்றிப் பத்து நாள் பேசுகிறோம். துவைக்கிற இடத்தைப் பற்றி ஒரு நிமிடம்கூடப் பேசுவதில்லை. குடிபோன மறுநாள் முதல் வாளித் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எங்கே ஊற்றுவது என்று நிற்பது வீட்டில் இருக்கும் பெண்தான்.

நான் படித்தது கலைப்பீடத்தில். எனக்குக் குழாய் பொருத்தத் தெரியாது. எங்கள் நிறுவனத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் குழாய் வேலை செய்யும் பாஸ்மார் சிலரும் சொன்னதை, விளங்காத இடத்தில் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். அதில் ஒரு நன்மை இருக்கிறது. எனக்கே விளங்கிவிட்டதென்றால் இங்கே இருக்கும் எல்லோருக்கும் விளங்கும்.

நமது பக்கத்து மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வருடத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும் பகுதி. 1989 ஜூன் மாத மழையைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில், நமக்குப் பக்கத்தில், புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தின்மேல் மண் விழுந்து நம்முடைய ஆட்கள் இறந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி. அதைப் பற்றி இந்த மண்டபத்தில் நான் பேசப்போவதில்லை.

இந்தச் சரிவுகளுக்குத் துணி துவைத்த தண்ணீர்தான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெருமழை, செங்குத்தாக வெட்டிய மலை, கட்டக்கூடாத இடத்தில் கட்டிக்கொடுத்த லயம் என்று காரணங்கள் பெரியவை. அவற்றைப் பாதிக்கப்பட்ட சனத்தின் தலையில் கட்டக்கூடாது. ஆனால் ஒரு விடயம் நம் கையில் இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்தால் மலை மெல்ல மெல்ல வடிந்து காயும். மண் மணிகள் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வீட்டுக்குப் பின்னால் ஒரே இடத்தில் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் அந்த இடம் காய்வதே இல்லை. மண்ணுக்குள் இடைவெளியெல்லாம் தண்ணீர் நிறைந்து பிடிப்பு தளர்ந்துபோகும். பாரமும் கூடும். அடுத்த பெருமழை வரும்போது அந்தத் துண்டு ஏற்கெனவே பாதி நனைந்த துண்டு. மலைச்சரிவில் இருப்பவர்கள் கழிவுநீரை மண்ணில் ஊறவிட வேண்டாம், கட்டிய கானிலோ குழாயிலோ கொண்டுபோங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தினர் சொல்வது இதற்காகத்தான்.

அளவு எவ்வளவு என்று பார்ப்போம். துவைக்க, பாத்திரம் கழுவ, பிள்ளையைக் குளிப்பாட்ட என்று ஒரு வீட்டில் நாளைக்கு 150 லீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வீட்டு லயம் என்றால் 1,800 லீற்றர். ஒரு மாதத்தில் 54,000 லீற்றர். 10,000 லீற்றர் பவுசர் ஐந்துக்கும் மேல். அவ்வளவையும் ஒருவர் கொண்டுவந்து உங்கள் லயத்துக்குக் கீழே இருக்கும் மண்ணில் ஊற்றினால் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பீர்களா?

பழைய லயங்களில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. வாசலை ஒட்டிக் கல்லும் சீமெந்தும் போட்ட கான் ஓடும். வாசல்கூட்டி வந்து கூட்டுவார். துணி துவைப்பதும் குளிப்பதும் பீலியடியில். பீலித் தண்ணீர் அப்படியே ஓடையில் சேரும். லயத்து வாழ்க்கையில் எத்தனையோ குறை இருந்தாலும் அந்தக் கான் விடயத்தில் கட்டியவன் யோசித்துத்தான் கட்டியிருக்கிறான். இப்போது தனி வீடு வருகிறது. ஏழு பேர்ச்சஸ், பத்து பேர்ச்சஸ் காணியில் உங்கள் பெயரில் வீடு. அது நல்லது, கேட்டுப் போராடிப் பெற்றது. ஆனால் தனி வீட்டோடு கானும் தனியாகிவிட்டது. அதைக் கூட்ட வாசல்கூட்டி வரமாட்டார். கொழும்பில் வேலை செய்யும் மகள் அனுப்பிய காசில் வாஷிங் மெஷினும் வந்துவிட்டது. தண்ணீர் பீலியடியில் இருந்து வீட்டுக்குள் வந்துவிட்டது, போகிற வழி மட்டும் வரவில்லை.

இந்தக் கூட்டத்தில் இரண்டு விதமான வீட்டுக்காரர்கள் இருக்கிறீர்கள். மேலே தோட்டத்தில் சரிவில் வீடு உள்ளவர்கள் ஒரு பக்கம். கீழே டவுனில், ஹட்டன் வீதியோரத்தில், ஆற்றுப்பக்கமாக வீடோ கடையோ உள்ளவர்கள் மறுபக்கம். உங்கள் இருவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

மேலே இருப்பவர்களுக்கு மோட்டார் தேவையில்லை. சரிவே உங்கள் மோட்டார். துவைக்கிற இடத்துக்குச் சீமெந்துத் தளம் போட்டு, சுற்றி மூன்று நான்கு அங்குலத்துக்கு வரம்பு வைத்து, ஒரு மூலையில் வலையோடு ஓட்டை வையுங்கள். அங்கிருந்து இரண்டு அங்குல எஸ்லோன் குழாய் போகட்டும். ஓர் அடி தூரத்துக்குக் கால் அங்குலம் இறக்கம் போதும். மூட்டுகளைப் பசை போட்டு ஒட்டுங்கள். வெறுமனே சொருகிவிட்டால் ஒவ்வொரு மூட்டிலும் கசிந்து, பாதித் தண்ணீர் வழியிலேயே மண்ணுக்குள் போய்விடும். குழாயின் முனை கட்டிய கானில் முடிய வேண்டும். கான் இல்லாத இடத்தில், கல்லும் பாறையுமாக இயற்கையாகத் தண்ணீர் ஓடுகிற ஓடை வரைக்கும் கொண்டுபோக வேண்டும். வழியில் கீழ் வீட்டுக்காரரின் கூரைக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டுவிட்டு வரக்கூடாது. இந்த விடயத்தில் நடக்கும் சண்டைகள் உங்களுக்கே தெரியும். குழாய் நான்கைந்து வீட்டுக்காரர் சேர்ந்து போட்டால் செலவும் குறையும், பேச்சும் குறையும்.

இரண்டு விடயம் மட்டும் செய்யாதீர்கள். உறிஞ்சுகுழி வெட்டிக்கொள்ளுங்கள் என்று சமவெளியில் இருந்து வருகிற சிலர் நல்ல மனதோடு சொல்வார்கள். மட்டமான நிலத்தில் அது சரி. வெட்டிய மண்மேட்டுக்கு மேலேயோ வீட்டுக்குப் பின்சரிவிலேயோ அப்படிக் குழி வெட்டுவது, மலைக்குள் தண்ணீரை நாமே புகுத்துவதுதான். அதேபோல் மலசலகூடக் குழிக்குள்ளும் துவைத்த தண்ணீரை விடாதீர்கள். குழி சீக்கிரம் நிரம்பும், சவர்க்காரமும் வெளிற்றும் தூளும் குழிக்குள் கழிவை உக்கவைக்கிற கிருமிகளைக் கொன்றுவிடும்.

இனிக் கீழே இருப்பவர்கள். மலைநாட்டு வீதியோரக் கட்டடம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வீதியில் நின்று பார்த்தால் ஒரு தட்டு. பின்னால் போய்ப் பார்த்தால் கீழே இன்னொரு தட்டு இருக்கும். கடை மேலே, குடும்பம் கீழே. சமையலும் துவைப்பும் கீழ்த்தட்டில். பிரதேச சபைக் கானோ மேலே வீதியோரத்தில். தண்ணீர் தானாக மேலே ஏறாது. அதனால் பெரும்பாலானவர்கள் பின்பக்கக் குழாயை ஆற்றங்கரையை நோக்கித் திறந்து விட்டிருந்தார்கள். அந்தக் கரை அரித்துப்போனதைத் திரும்பி வந்ததும் பார்த்திருப்பீர்கள். சவர்க்காரத் தண்ணீர் போவது களனி கங்கைக்கு. அதே கங்கையில் கீழே அம்பத்தளையில் தண்ணீர் எடுத்துத்தான் கொழும்புக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். கொழும்பில் வேலை செய்யும் நம் பிள்ளைகளும் அதைத்தான் குடிக்கிறார்கள்.

மற்றொரு வழி, தண்ணீரைத் தூக்கிக்கொண்டு படியேறுவது. ஒரு தடவை மெஷினில் துவைத்தால் ஏறக்குறைய 100 லீற்றர் வெளியே வரும். 15 லீற்றர் வாளியில் ஏழு நடை. ஒவ்வொரு வாளியும் 15 கிலோ. இதைப் பெண்கள் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதால்தான் ஆண்களுக்கு மோட்டார் செலவு அநாவசியமாகத் தெரிகிறது. இங்கே இருக்கும் ஐயாமார் கோபிக்கக்கூடாது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஏழு நடையையும் நீங்கள் நடந்து பாருங்கள்.

மோட்டார் வாங்குவதற்கு முன் முதலில் பார்க்க வேண்டியது, துவைக்கிற இடத்தை மேல்தட்டுக்கு மாற்ற முடியுமா என்பதுதான். கடைக்குப் பின்னால் நாலடிக்கு நாலடி இடம் கிடைத்தாலும் போதும். மெஷினை மேலே வைத்துவிட்டால் தண்ணீர் தானாகக் கானுக்குப் போகும். பழுதாக அங்கே எதுவும் இல்லை. இப்போது வீட்டைத் திருத்திக்கொண்டிருக்கும் நேரம், சுவரை உடைத்துக் கட்டுகிற நேரம். இந்த மாற்றத்தைச் செய்வதென்றால் இப்போதே செய்யுங்கள். முடியாது என்றால் மட்டும் மோட்டாருக்கு வாருங்கள்.

மெஷினிலேயே மோட்டார் இருக்கிறதே, அது தண்ணீரைத் தள்ளாதா என்று சிலர் கேட்டீர்கள். முழுத் தானியங்கி மெஷின் பலவற்றில் தண்ணீரை வெளியேற்றும் சின்ன மோட்டார் உண்டு. அது தரையில் இருந்து மூன்று நான்கு அடிக்குத்தான் தூக்கும். பத்தடி உயரத்தில் இருக்கும் கானுக்குக் குழாயை நீட்டினால் மூச்சுவாங்கி எரிந்துபோகும். இரட்டைத் தொட்டி மெஷினில் பெரும்பாலும் அந்த மோட்டார்கூட இல்லை. அதன் குழாய் தரையில் கிடந்தால்தான் தண்ணீர் வடியும். ஆகவே இரண்டுக்கும் கீழே ஒரு குழி வேண்டும். மெஷின் தண்ணீரும் துவைக்கும் தொட்டித் தண்ணீரும் இறக்கத்தில் ஓடி அந்தக் குழிக்கு வரும். குழிக்குள் இருக்கும் மோட்டார் அதை மேலே கானுக்குத் தள்ளும். ஏற்பாடு முழுவதும் இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதை ஒழுங்காகச் செய்வது பற்றிய விபரங்கள். அவற்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், பாஸ் வந்து வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்ப்பதற்கு உங்களுக்கு உதவும்.

குழிக்கு 200 லீற்றர் பிளாஸ்டிக் பீப்பாய் போதும். மெஷின் தண்ணீரை ஒரே மூச்சில் ஐம்பது லீற்றருக்குப் பக்கமாகக் கொட்டும். அந்த நேரத்தில் தொட்டியையும் யாராவது திறந்துவிட்டால் அதையும் தாங்க வேண்டும். அதனால் சின்ன வாளி அளவுக் குழி சரிவராது. பீப்பாயைத் தரைக்குள் இறக்கி, சுற்றிக் கொங்கிரீட் போட்டு இறுக்குங்கள். இது முக்கியம். ஆற்றோரத்தில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறும்போது, வெறும் மண்ணில் புதைத்த பீப்பாய் படகு மாதிரி மிதந்து மேலே வரும், குழாயையும் உடைத்துக்கொண்டு. மருந்து வந்த பீப்பாய், இரசாயனம் வந்த பீப்பாய் வேண்டாம். மூடி பலமாக இருக்க வேண்டும், ஒரு பிள்ளை ஏறிக் குதித்தாலும் உடையாத அளவுக்கு. விளிம்பில் இறப்பர் வைத்து இறுக்க மூடினால் நாற்றமும் வராது, நுளம்பும் முட்டை போடாது. டெங்கு வந்த வீடு எப்படிக் கஷ்டப்படும் என்று சொல்லத் தேவையில்லை. மூடியை இறுக்கினால் உள்ளே காற்றுப் போய்வர வழி வேண்டும். அதற்கு ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்றைச் சுவரோடு ஏற்றிக் கூரைக்கு மேலே விட்டு, முனையில் நுளம்பு வலை கட்டுங்கள்.

மோட்டார் தண்ணீருக்குள் முழுகி நிற்கும் வகையாக, அழுக்குத் தண்ணீருக்கு என்று செய்ததாக இருக்க வேண்டும். கிணற்றுக்கு வாங்கிய நல்ல தண்ணீர் மோட்டாரைப் போட்டால் துணி நூலும் மண்ணும் சுற்றிக்கொண்டு நின்றுவிடும். அரைக் குதிரைவலு போதும். கடையில் பெட்டியைப் பார்க்கும்போது ஏமாறுவது உயரத்தில்தான். ‘உச்ச உயரம் 7 மீற்றர்’ என்று போட்டிருந்தால், ஏழு மீற்றரில் தண்ணீர் வரும் என்று நினைத்துவிடுவோம். உண்மையில் அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது, தண்ணீர் அங்கே வந்து நின்றுவிடும் என்பதுதான் அந்த எண்ணின் அர்த்தம். உங்களுக்கு மூன்று மீற்றர் உயரம் ஏற்ற வேண்டும் என்றால் ஏழு எட்டு மீற்றர் என்று எழுதியதை வாங்குங்கள். வளைவு முழங்கை ஒவ்வொன்றும் கொஞ்சம் பலத்தைத் தின்னும். மோட்டாரின் வாய் ஒன்றேகால் அங்குலம் என்றால் மேலே போகும் குழாயும் அதே அளவில் போகட்டும். காசு மிச்சம் என்று முக்கால் அங்குலத்துக்குக் குறைக்காதீர்கள்.

மோட்டாருக்குச் சற்று மேலே, திரும்பாத வால்வு ஒன்று கட்டாயம் வேண்டும். பாஸ்மார் நொன்-ரிட்டர்ன் வால்வு என்பார்கள். அது இல்லாவிட்டால் மோட்டார் நின்றதும் குழாயில் இருக்கும் தண்ணீர் முழுவதும் திரும்பக் குழிக்குள் இறங்கும். குழி நிரம்பியதாக நினைத்து மோட்டார் மறுபடி ஓடும். இப்படி இரவு முழுவதும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்து எரிந்துபோன மோட்டார்களைப் பற்றிப் பாஸ்மார் கதை கதையாகச் சொல்கிறார்கள். வால்வைக் கழற்றிப் பூட்டுகிற மாதிரி யூனியன் வைக்கச் சொல்லுங்கள். ஒட்டிவிட்டால் ஒரு நாள் அடைக்கும்போது குழாயை வெட்ட வேண்டிவரும். வால்வுக்கும் மோட்டாருக்கும் நடுவில் உள்ள துண்டுக் குழாயில், குழிக்குள்ளே இருக்கும்படி, ஒரு சின்ன ஓட்டை, மூன்று மில்லிமீற்றர் அளவு, போட வேண்டும். நல்ல குழாயில் எதற்கு ஓட்டை என்று நானும் கேட்டேன். மோட்டாருக்குள் காற்று சிக்கிக்கொண்டால் அது சுற்றும், தண்ணீர் ஏறாது. அந்தக் காற்று வெளியே போக அதுதான் வழி.

தண்ணீர் ஏறினால் மோட்டாரைத் தொடக்குவதும் இறங்கினால் நிறுத்துவதும் மிதவை சுவிட்ச். முழுகும் மோட்டார் பலவற்றில் அது சேர்ந்தே வரும். மிதவை சுவரிலோ குழாயிலோ முட்டாமல் தாராளமாக ஏறி இறங்க இடம் இருக்க வேண்டும். குழியில் ஓரளவு தண்ணீர் எப்போதும் மிஞ்சட்டும். அந்தத் தண்ணீர்தான் மோட்டாரைக் குளிர வைப்பது, காய்ந்து ஓடினால் கெட்டுப்போகும். பூட்டி முடித்ததும், பாஸுக்குக் காசு கொடுப்பதற்கு முன், ஐந்தாறு வாளித் தண்ணீரை நீங்களே குழிக்குள் ஊற்றிப் பாருங்கள். மோட்டார் தானாக ஓடி, தானாக நின்று, மேலே கானில் தண்ணீர் விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகு கொடுங்கள்.

மெஷின் குழாய் முனையில் பழைய நைலோன் காலுறை ஒன்றைக் கட்டிவிடுங்கள். நூலும் பஞ்சும் அதில் தங்கும், வாரம் ஒரு தடவை கழற்றித் தட்டினால் போதும். தொட்டிக்குக் கீழே வளைந்த குழாய் இருக்க வேண்டும். அந்த வளைவில் நிற்கும் தண்ணீர்தான் குழி நாற்றத்தை வீட்டுக்குள் வரவிடாமல் தடுப்பது. சமையலறைத் தண்ணீரை இதில் சேர்க்காதீர்கள், எண்ணெய் உறைந்து மிதவையைப் பிடித்துக்கொள்ளும். மலசலகூடத் தண்ணீர் அறவே கூடாது.

கரண்ட் விடயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். தண்ணீரும் 230 வோல்ட்டும் ஒரே குழிக்குள் இருக்கின்றன. தகுதியுள்ள மின்வேலை செய்பவரை வைத்து, எர்த் உள்ள தனிப் பிளக் போட்டு, அது 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்சுக்கு உள்ளே வருகிறதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். பிளக்கை இந்த வெள்ளம் வந்த மட்டத்துக்கு மேலே வையுங்கள். சுவரில் கறை இன்னும் இருக்கிறது, அதைப் பூசி மறைப்பதற்கு முன் அளந்துகொள்ளுங்கள். குழிக்குள் வயரில் ஒட்டு இருக்கக்கூடாது. ட்ரிப் சுவிட்சில் உள்ள பரிசோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். விழாவிட்டால் அது இருந்தும் இல்லாத மாதிரி. குழிக்குள் கை விடுவதற்கு முன், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைக் கழற்றி வையுங்கள். வெள்ளத்தில் நனைந்த வீட்டுக்கும் நனைந்த மெஷினுக்கும் யாராவது பார்த்துச் சரி என்று சொல்லும் வரை கரண்ட் கொடுக்காதீர்கள். மின்கம்பியோ இணைப்போ பழுது என்றால் 1987 இலக்கத்துக்கு அழையுங்கள். குழியைத் துப்புரவாக்கும்போது பூட்ஸும் கையுறையும் போடுங்கள். கேகாலையும் இரத்தினபுரியும் எலிக்காய்ச்சல் அதிகமாக வரும் மாவட்டங்கள். காலில் புண் இருந்தால் அந்த வேலையை வேறொருவரிடம் விடுங்கள். சேற்றில் இறங்கிய பிறகு காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், சேற்றில் இறங்கியதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் கரண்ட் போகும். மெஷினும் அதோடு நின்றுவிடும் என்பதால் அந்தத் தண்ணீர் வராது. ஆனால் கையால் துவைப்பது நிற்காது, தொட்டித் தண்ணீர் குழிக்குள் வந்துகொண்டே இருக்கும். பீப்பாயில் ஐந்தாறு வாளிக்கு மேல் இடம் இல்லை என்று கணக்கு வைத்துக்கொண்டு, கரண்ட் வரும் வரை துணியை ஊறப்போட்டு வையுங்கள். இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த மோட்டார் துவைத்த தண்ணீருக்கு. ஆறு ஏறி வந்தால் அது ஆற்றை இறைக்காது. மோட்டார் இருக்கிறதே என்று கீழ்த்தட்டில் யாரும் தங்கிவிடக்கூடாது. கழற்ற நேரம் இருந்தால் பிளக்கைக் கழற்றிவிட்டு மேலே வாருங்கள். நேரம் இல்லை என்றால் விட்டுவிட்டு வாருங்கள்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு, 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை விழுந்தால் கவனம், 100 விழுந்தால் வெளியேறத் தயார், 150 விழுந்தால் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. ஒரு மணித்தியாலத்திலேயே 75 விழுந்தாலும் வெளியேற வேண்டும். 75 மில்லிமீற்றர் என்பது மூன்று அங்குலம். அடியில் இருந்து வாய் வரை ஒரே அகலமான டின் ஒன்றை வெளியில் வெட்டவெளியில் வைத்து, உள்ளே அடிமட்டம் விட்டு அளந்தால் உங்களுக்கே தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள், சந்தோஷமாகச் செய்வார்கள். சுவரிலோ மண்ணிலோ புதிய வெடிப்பு, மரமும் தூணும் சாய்வது, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று, தெளிந்து ஓடிய ஊற்று கலங்குவது அல்லது திடீரென நிற்பது, இவற்றைக் கண்டால் மழை அளவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பிள்ளைகளோடு வெளியேறிவிட்டு கிராம உத்தியோகத்தருக்கும் 117க்கும் சொல்லுங்கள். துவைக்கும் குழாய் போட்ட வீட்டுக்காரருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. வீட்டுப் பின்புறம் காய்ந்து கிடந்தால், புதிதாக ஒரு கசிவு வரும்போது அது மலையில் இருந்து வருகிறது என்று உடனே தெரியும். எப்போதும் ஈரமாக இருக்கும் முற்றத்தில் அது தெரியாது.

அனுமதி விடயம் சுருக்கமாக. டவுனில் கானுக்குக் குழாய் விடப் பிரதேச சபையிடம் கேட்க வேண்டும். பிரதான வீதியின் கான் என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையும் சம்பந்தப்படும். எங்கே போய்க் கேட்பது என்று பிரதேச சபையிலேயே சொல்வார்கள். தோட்டத்தில் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து, அதன் பிரதியில் கிடைத்ததற்குக் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் எழுத ஆள் இல்லாதவர்களுக்கு நாங்கள் எழுதித் தருகிறோம். அந்த வேலைக்குத்தான் நான் படித்த படிப்பு உதவும். வீட்டுத்திட்டத்தில் புதிதாகக் கட்டும் வீடு என்றால், கையெழுத்து வைப்பதற்கு முன் வரைபடத்தில் துவைக்கிற இடமும் அதன் கானும் எங்கே என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் வரைந்து கொடுக்கச் சொல்லுங்கள். அதை அக்காமார் கேட்பது நல்லது. ஆண்கள் கேட்டால் கூரைத் தகட்டைப் பற்றிப் பேச்சுத் திரும்பிவிடுகிறது.

தேநீருக்குப் பிறகு எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வாசல் மேசையில் இருப்பார். அவர் உங்களிடம் முதலில் கேட்கப்போவது ஒரே ஓர் எண்: துவைக்கிற தரையில் இருந்து கான் எத்தனை அடி மேலே, அல்லது எத்தனை அடி கீழே. கண்ணால் பார்த்துச் சொல்லும் உயரம் மலைச்சரிவில் பிழைக்கும். பாஸ்மார் அளப்பதுபோல, கண்ணாடி மாதிரித் தெரியும் மெல்லிய குழாயில், காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் கான் விளிம்பில் பிடியுங்கள். மறுமுனையை மற்றவர் கீழே ஒரு நேரான கம்போடு சேர்த்து மேலும் கீழும் நகர்த்தட்டும். இரண்டு முனையிலும் தண்ணீர் அசையாமல் நிற்கும் இடம் ஒரே மட்டம். கம்பில் அந்த இடத்தில் கோடு போட்டுத் தரை வரைக்கும் அளந்தால் உயரம் கிடைத்துவிடும். இருபது அடிக் குழாய் இரண்டு மேசையில் வைத்திருக்கிறோம். வீட்டுக்குக் கொண்டுபோய் அளந்துவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது திருப்பிக் கொண்டுவாருங்கள்.